இருநூற்றுப் பதினான்கு

மின்தூக்கி பழுதுபார்ப்பவன் நான்.
ஈசூனில் நாற்பத்தேழு புளோக் என் பொறுப்பு.
தண்ணீர் மேலே ஏறும் வழி எனக்கு அத்துப்படி:
தரைத்தளத்துப் பம்பு, சுவரோரக் குழாய்,
பதினாறாம் மாடிக்கும் மேல்
பூட்டிய இரும்பு ஏணி, அப்பால் தொட்டி.
என் இயந்திர அறைக்கு அடுத்த கதவு அது.
நள்ளிரவில் மிதவை கிளிக்கென்று மூடுவதுகூடக் கேட்கும்.
அதற்கு முன்னால் தண்ணீர் எங்கே இருந்தது என்று
ஒருநாளும் யோசித்ததில்லை.

சனிக்கிழமை போனது கம்பெனி சொல்லித்தான்.
பச்சை டீசட்டை, ஒரு பொட்டலம் பீஹூன்,
ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி, இரண்டும் இடது கால்.
பியர்ஸ் நீர்த்தேக்கத்துக்கு மேலே
பலகையில் பெயர் எழுதாத ஓர் ஓடை.
கரை சரிந்து, சிவப்புக் குழம்பாய் ஓடியது.
"இந்தச் சேறு தேக்கத்துக்குப் போகக்கூடாது,
அவ்வளவுதான் வேலை" என்றார் ஹமிடோன்.
எனக்குப் பிடித்திருந்தது.
உலகத்தைக் காப்பாற்றச் சொல்லவில்லை அவர்.

முதலில் பிடுங்குதல்.
மரங்களை மூச்சடைக்கப் போர்த்திய கொடி,
எங்கிருந்தோ வந்ததாம், பார்க்க அழகு.
வந்தேறி என்று தமிழில் சொல்ல வாயெடுத்து
விழுங்கிக்கொண்டேன்.
என் பணப்பையில் இருப்பது நீல அட்டை.
சியூ கியோக் அதன் கிழங்கைத் தோண்டித் தராசில் வைத்தார்:
ஒன்பது கிலோ.
எல்லாரும் கைதட்டினார்கள். நானும்.

பிறகு நடுதல்.
எனக்குக் கிடைத்தது சிம்போ ஆயர்.
தமிழில் என்ன பெயர் என்று கேட்டார்கள், தெரியவில்லை.
ஹமிடோன் வீட்டில் ஒருகாலத்தில்
தெம்பே மடித்து விற்ற இலையாம்.
கன்றின் கழுத்தில் அலுமினியத் தகடு, அதில் 214.
குழியில் வைத்து மண்ணை அழுத்தினேன்.
கம்பிவடம் மாட்டியதும் செய்வேனே, அதுபோல
ஒருமுறை இழுத்துப் பார்த்தேன்.
கையோடு வந்துவிட்டது.
"ஐயோ, செண்டோல்!" என்றார் சியூ கியோக்.
சேந்தன் என்ற பெயர் அவர் வாயில் அப்படித்தான் கரையும்.
மறுபடி நட்டேன்.

அடுத்த மாதம் யாரும் கூப்பிடவில்லை. போனேன்.
நான்கு இலை, ஒன்றில் புழு தின்ற ஓட்டை.
அது நல்ல சேதியாம்.
அதற்கடுத்த மாதமும் போனேன்.

டிசம்பரில் மூன்று நாள் விடாமல் பெய்தது.
அழைப்புக்கு மேல் அழைப்பு,
மின்தூக்கிக் குழியெல்லாம் தண்ணீர்.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
முழங்கால் நீரில் நின்று இறைத்தபோது
என் நினைப்பு அந்தக் குழியில் இல்லை.

ஞாயிறன்று ஆறு பேர் வந்திருந்தோம்.
கரையில் ஒரு துண்டே காணோம்.
ஹமிடோன் பட்டியலைப் பிரித்து வாசித்தார்.
நூற்றொன்று. உண்டு.
நூற்றெட்டு. இல்லை.
இல்லாதவற்றுக்காக யாரும் குரலைத் தாழ்த்தவில்லை.
இருநூற்றுப் பதினான்கு.
தேடினேன்.
வெகு கீழே, இரண்டு கல்லுக்கு நடுவில்
தகடு மட்டும் கிடந்தது, எண் மேலே தெரிய.
இல்லை என்றேன்.
எழுதிக்கொண்டு அடுத்த எண்ணுக்குப் போனார்.

முந்நூறில் நூற்றெழுபத்தொன்று.
அது அதிகமா, குறைவா, கேட்கத் தோன்றவில்லை.
பிழைத்தவை நெருக்கமாய் நின்ற ஓரிடத்தில்
ஓடையின் அடிமணல் தெரிந்தது,
ஒரு முழ நீளத்துக்கு.
ஆறு பேரும் குனிந்து அதைப் பார்த்தோம்.
சியூ கியோக் பார்லித் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

புதுக் கன்றுக்கு அதே தகட்டை மாட்டட்டுமா என்றேன்.
கூடாதாம், கணக்குக் குழம்புமாம்.
இப்போது என்னுடையது 301.
இழுத்துப் பார்க்கவில்லை.

214 என் சாவிக்கொத்தில் கிடக்கிறது.
நேற்றுப் பின்னிரவு, மொட்டைமாடி,
எங்கோ கீழே யாரோ குழாயைத் திறக்க
மிதவை இறங்கும் சத்தம்.
ஏணிப் பூட்டுக்குச் சாவி தேடினால்
இருட்டில் விரலுக்கு முதலில் அகப்படுவது
அந்தத் தகடுதான்.
பூட்டில் அதை நுழைத்தும் பார்த்துவிட்டேன், ஒருமுறை.